பல்லின் மீது பழி!

ஆண்டு முடிவில் வகுப்புப் படம் எடுப்பது பள்ளிக்கூடத்து வழக்கம். வெயில் ஏறுமுன் பெஞ்சுகளை வேப்பமரத்தடியில் போட்டு, குட்டையானவர்களை முன்னாலும் நெட்டையானவர்களைப் பின்னாலும் நிறுத்தி, படக்காரர் கருவியைக் கண்ணருகே கொண்டுபோனார். "எல்லாரும் கொஞ்சம் சிரிங்க பாக்கலாம்!" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒரு நிமிடத்துக்கு முன்புவரை மரத்தடி அதிரக் கூச்சலிட்ட பிள்ளைகள்! இடத்துக்கு இடித்துக்கொண்ட பிள்ளைகள்! கருவி எதிரே வந்ததும் அத்தனை வாய்களும் நூலிட்டுத் தைத்தாற்போல மூடிக்கொண்டன. முன்வரிசையில் ஒரு சிறுமி, துப்பட்டாவின் முனையை மெல்ல உதட்டருகே கொண்டுபோனாள். "கையை எடும்மா" என்றார் படக்காரர். கையை எடுத்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு தனியே கேட்டோம். "பல்லு தெரியும் சார்" என்றாள்.

காவிரி பாயும் ஊரில் பிறந்து, கலைப்பட்டம் பெற்று, தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கு ஆசிரியப் பணியாற்ற வந்தவர் நாம். அந்த மூன்று சொற்கள் புகட்டிய பாடத்தை மூன்றாண்டுக் கல்லூரி நமக்குப் புகட்டியதில்லை. அன்றுதான் அந்தப் பிள்ளைகளின் பற்களைக் கூர்ந்து நோக்கினோம். சிலவற்றில் சுண்ணாம்பு தடவினாற்போல வெளிறிய திட்டுகள். சிலவற்றில் மஞ்சள் கோடுகள். சிலவற்றில் காப்பித்தூள் நிறத்துக் கறை. கறையினூடே அம்மைத் தழும்புபோலச் சிறு குழிகள். பதினோரு வயதுப் பிள்ளையின் வாயில் அறுபதாண்டுப் பழமை!

இந்தக் கறை எங்கிருந்து வந்தது? யார் பூசியது? அதைத்தான் இங்கே கேட்கப் புகுகிறோம்.

இரண்டு நீதிமன்றங்கள்

அந்தச் சிறுமிக்கு ஓர் அக்காள். பெண் பார்க்க வெளியூரிலிருந்து வந்தார்கள். பெண் வந்தாள், வணங்கினாள், காப்பி கொடுத்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் தலையசைத்தாள். "என்னம்மா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டியா?" என்று வந்தவர்களில் ஒரு மூதாட்டி கேட்டார். பேசினாள். அதோடு முடிந்தது. ஊர் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று சென்றவர்கள் சொல்லி அனுப்பவேயில்லை.

அன்று மாலை அந்த வீட்டில் இரண்டு தீர்ப்புகள் வழங்கப்பட்டன. திண்ணையிலிருந்த பாட்டி சொன்னார்: "அவ தலையெழுத்து." நகரத்திலிருந்து வந்திருந்த படித்த உறவினர் சொன்னார்: "சின்ன வயசிலிருந்து ஒழுங்கா பல்லு வெளக்கியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

ஒன்று விதியின் நீதிமன்றம். மற்றொன்று வீண்பழியின் நீதிமன்றம். முன்னதில் பிரமன் குற்றவாளி. அவனைக் கூண்டிலேற்ற எவராலும் ஆகாது. பின்னதில் பெண்ணே குற்றவாளி. அவளுக்குத் தண்டனை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. இரண்டிலும் உண்மைக் குற்றவாளியின் பெயர் அழைக்கப்படவே இல்லை!

முதல் தீர்ப்பை நாம் நன்கறிவோம். பல்லைச் சுற்றி நம் நாட்டில் பின்னப்பட்ட புரட்டுகள் கொஞ்சமா? குழந்தைக்கு மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாதாம்! முளைத்தது குழந்தையின் ஈற்றில். முறிவது மாமனின் ஆயுளாம்! பல்வரிசையைப் பார்த்துக் குணம் சொல்லவும் குடி விளங்குமா என்று சொல்லவும் சாமுத்திரிகை என்றொரு சாத்திரம்! இந்தப் பித்தலாட்டங்களை எதிர்த்து நாம் பேசியிருக்கிறோம், இனியும் பேசுவோம்.

ஆனால் தோழர்களே, இரண்டாவது தீர்ப்பு இருக்கிறதே, அது பகுத்தறிவின் உடையணிந்து வருகிறது. தூய்மை என்கிறது, ஒழுக்கம் என்கிறது, தனிமனிதப் பொறுப்பு என்கிறது. அதனால் நம்மவரே சிலர் அதற்குத் தலையாட்டிவிடுகின்றனர். நாமும் தலையாட்டியதுண்டு. வகுப்பில் முதல் மாதத்திலேயே, "நாளைக்கு எல்லோரும் பல் துலக்கிவிட்டு வரவேண்டும்" என்று ஒரு பையனைப் பார்த்துக் கூறியவர் நாம். மறுநாள் அவன் ஈறில் இரத்தக் கசிவோடு வந்தான். செங்கல் பொடியால் தேய்த்திருந்தான். கறை போகவில்லை. போகாது என்பது அவனுக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியவில்லை.

முளைக்கும் முன்னே விழுந்த கறை

ஏன் போகாது? அறிவியலைக் கேட்போம்.

ஏழு வயதில் வாயில் தோன்றும் முன்பல் ஏழு வயதில் உருவாவதன்று. குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே, தாடை எலும்பினுள்ளே, அந்தப் பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் படியத் தொடங்கிவிடுகிறது. நான்கைந்து வயதுக்குள் முன்பற்களின் பூச்சு முடிந்துவிடும். அந்த ஆண்டுகளில் குழந்தை குடிக்கும் நீரில் புளோரைடு என்னும் உப்பு அளவுக்கு மீறி இருந்தால், எனாமலைக் கட்டும் நுண்ணறைகளின் வேலை கெடுகிறது. பூச்சு இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. பல் வெளிவந்தபின் அந்தத் துளைகளில் பழுப்பு ஏறுகிறது. புளோரோசிஸ் என்று இதற்குப் பெயர்.

எண்ணிப் பாருங்கள்! பல் முளைப்பதற்கு முன்பே பழுதுக்கு வித்து விழுந்துவிட்டது. முளைக்காத பல்லை எந்தக் குழந்தை எந்தக் குச்சியால் துலக்கும்? தாடைக்குள் புதைந்திருந்த பல்லுக்குத் தாய் எந்தப் பற்பொடியைத் தடவியிருக்கவேண்டும்? ஒன்றரை வயதில் அருந்திய நீருக்குப் பதினெட்டு வயதில் ஒரு பெண் பதில் சொல்ல வேண்டுமா?

நம் பற்கள் வெண்மையாய் இருக்கின்றன. இதில் நம் பெருமை எள்ளளவும் இல்லை. நாம் குழந்தையாய் இருந்தபோது ஆற்றுநீர் பருகினோம். அந்தச் சிறுமி பாறைநீர் பருகினாள். வேறுபாடு அவ்வளவே.

அமெரிக்கச் சிற்றூரின் அன்னையர்

இந்த உண்மை நேற்றுக் கண்டறியப்பட்டதும் அன்று. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குப் பல் மருத்துவம் செய்யச் சென்றார் ஃபிரடெரிக் மெக்கே என்ற இளைஞர். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை. காரணம் கேட்டார். பன்றி இறைச்சி மிகுதியாய்த் தின்பதால் என்றனர் சிலர்; மட்டமான பால் என்றனர் வேறு சிலர். உண்பவர் மீதும் ஊட்டுபவர் மீதும் பழி சுமத்துவது எல்லா நாட்டுக்கும் பொதுவான பழக்கம் போலும்!

1923இல் ஐடகோ மாநிலத்து ஓக்லி என்னும் சிற்றூருக்கு அவர் சென்றார். அவ்வூர்ப் பெற்றோர் ஒன்றைக் கவனித்திருந்தனர்: தொலைவிலிருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகே பிள்ளைகளின் பற்களில் கறை தோன்றிற்று! அவர்கள் விதியைத் தேடவில்லை. தம் பிள்ளைகளைத் திட்டவுமில்லை. தண்ணீரைச் சுட்டினார்கள். அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்று நீரைப் பயன்படுத்துமாறு மெக்கே அறிவுரை கூறினார். ஊரார் கேட்டனர். சில ஆண்டுகளில், அடுத்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கறையற்ற பற்கள் முளைத்தன. 1931இல் சர்ச்சில் என்னும் வேதியியலார், குற்றவாளி புளோரைடே என்று ஆய்வில் காட்டினார்.

ஓர் ஊர் தண்ணீரை மாற்றியது. தலைமுறையின் பல் மாறியது. தலையெழுத்தைக் குழாய் அழித்துவிட்டது!

நம் நாட்டுக் கதை என்ன? அன்றைய சென்னை மாகாணத்தில், நெல்லூர் மாவட்டத்தில், ஷார்ட் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் இந்நோயைக் கண்டு 1937இலேயே எழுதி வெளியிட்டனர். பல்லோடு நில்லாமல், நெடுநாள் குடித்தால் எலும்பையும் மூட்டையும் இறுக்கி மனிதனை முடக்கும் என்பதும் அன்றே வெளிப்பட்டது. 1937! அந்த ஆண்டில் பிறந்த குழந்தை வளர்ந்து, கறைப்பல்லோடு வாழ்ந்து, பேரப்பிள்ளையின் வாயிலும் அதே கறையைக் கண்டிருக்கும். அறிவியல் அறிவித்துவிட்டது, அரசாங்கக் கோப்புகள் அசைந்துகொண்டேயிருந்தன.

பாறைக்கும் சாதி உண்டா?

"பாறையில் புளோரைடு இருக்கிறது. அது இயற்கை. இதில் சமுதாயத்தை எதற்கு இழுக்கிறீர்?" என்று கேட்பவர் உண்டு. விடை தருவோம்.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலத்தின் பல பகுதிகளும் கடும்பாறை நிலம். அந்தப் பாறைகளில் புளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. மழைநீர் நெடுங்காலம் பாறை இடுக்கில் தங்கினால் அந்த உப்பு நீரில் கரைகிறது. ஏரியைத் தூர்த்தோம், கிணறு வற்றிற்று. கிணறு வற்றியதும் ஆழ்துளையிட்டோம். அதுவும் வற்ற, இன்னும் ஆழமாய் இட்டோம். மேல்நீர் மறைந்து, பாறையின் நெஞ்சிலிருந்து உறிஞ்சிய பழைய நீர் குழந்தையின் குவளைக்கு வந்தது. பாறை இயற்கை, ஏரி அழிந்தது இயற்கையா?

வீட்டுக்கு வடிகட்டும் எந்திரம் வாங்கக்கூடியவர் வாங்கினார். கேன் தண்ணீர் வாங்க முடிந்தவர் வாங்கினார். முடியாதவர் தெருவோரக் கைப்பம்பை அடித்துக் குடித்தார். வெயிலில் கல் உடைப்பவரும் களை பறிப்பவரும், மின்விசிறியின் கீழ் அமர்ந்திருப்பவரைவிட இருமடங்கு மும்மடங்கு நீர் குடிக்கவேண்டும். குடிக்கும் ஒவ்வொரு செம்பிலும் நஞ்சின் பங்கு கூடுகிறது. பாலும் கீரையும் இல்லாத உடலில், சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உடலில், அந்த நஞ்சின் கொடுமை இன்னும் கூடுகிறது. "காய்ச்சிக் குடி" என்று அறிவுரை சொல்வார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு சாகாது. நீர் ஆவியாகி, மிஞ்சிய நீரில் அது இன்னும் செறியும்!

ஊரில் எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் வருகிறது, எந்தத் தெருவுக்குக் கடைசியில் வருகிறது என்பதை நாம் சொல்லவேண்டுமா? 1927இல் மகாத்தில், சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடிக்கவே அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடக்க வேண்டியிருந்த நாடு இது. நீருக்குச் சாதி கற்பித்த நாட்டில், நீரின் நஞ்சு மட்டும் சமமாகவா பங்கிடப்படும்?

நன்மையும் நடந்திருக்கிறது, அதை மறைப்பது நேர்மையன்று. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் கடனுதவியோடு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில் எழுந்து, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரி வந்தது. பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்று பொறித்துக்கொண்ட திட்டம்! ஆனால் நாம் வாழும் ஊரில், குழாய் வருகிற நாளில் காவிரி. வராத நாளில் ஆழ்துளை. சில வேளைகளில் ஒரே தொட்டியில் இரண்டும் கலந்து வருகின்றன. கேட்டால் மோட்டார் பழுது என்பர், முறை வரவில்லை என்பர். குழந்தையின் எனாமல் முறை பார்த்தா படிகிறது?

தேநீர், புகையிலை, பிடுங்கிய பல்

கறைப்பல் ஒன்றுதானா? சொத்தைப்பல்லையும் பாருங்கள், கதை ஒன்றே.

சர்க்கரையை வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக்குகின்றன. அமிலம் எனாமலைக் கரைக்கிறது. உமிழ்நீர் மெல்லச் சரிசெய்கிறது. சரிசெய்யும் முன்பே மறுபடி சர்க்கரை வந்தால் பல் தோற்கிறது. எவ்வளவு தின்கிறோம் என்பதோடு எத்தனை முறை தின்கிறோம் என்பதும் பல்லைக் கெடுக்கும். சுவீடன் நாட்டில், விப்பெஹோல்ம் என்ற மனநோய் விடுதியில், 1940களின் பிற்பகுதியில் இதை மெய்ப்பித்தார்கள். எப்படி? பேச நாவற்ற நோயாளிகளுக்கு ஒட்டும் மிட்டாய்களை ஓயாமல் ஊட்டி, அவர்கள் பற்களை அழியவிட்டு! உண்மையைக் கண்டறியவும் எளியவர் பல்லே விலையாயிற்று.

இனி நம் தெருவுக்கு வாருங்கள். காலைக் கஞ்சிக்கு வழியில்லாதவர் இனிப்புத் தேநீரால் பசியை அடக்குகிறார். பதினோரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. அவருக்குச் சர்க்கரை ஆசைப்பண்டம் அன்று, பசியின் மூடி. பள்ளி வாயிலில் பழம் கிடைக்காது; பாக்கெட் இனிப்புக் கிடைக்கும், மிகக் குறைந்த விலையில்! 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் வந்தபோது அது வயிற்றுக்கென்றே பலரும் எண்ணினர். உப்புமாவும் பொங்கலும் உண்ட வயிறு பத்து மணிக்கு மிட்டாயைத் தேடாது. ஆகவே அது பல்லுக்கும் காப்பு என்கிறோம் நாம்.

சொத்தை வலிக்கிறது. மருத்துவரிடம் போகலாம். போனால் ஒருநாள் கூலி போயிற்று, பேருந்துக் கட்டணம் போயிற்று. வேரைச் சுத்தம் செய்து பல்லைக் காக்க நாலு முறை வரவேண்டும் என்கிறார் மருத்துவர். நாலு நாள் கூலிக்கு எங்கே போவது? "பிடுங்கிடுங்க" என்கிறார் உழைப்பாளி. பணமுள்ளவனின் பல் காக்கப்படுகிறது. பாட்டாளியின் பல் பிடுங்கப்படுகிறது. அதற்கும் வழியற்றவர் வலித்த இடத்தில் புகையிலையை அடக்கிக்கொள்கிறார். வலி மரத்துப்போகிறது, பழக்கம் ஒட்டிக்கொள்கிறது, புற்றுக்கு வாசல் திறக்கிறது. பற்பொடியிலேயே புகையிலையைக் கலந்து விற்றார்களே! 1992இல்தான் இந்தியாவில் அது தடை செய்யப்பட்டது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004இல் அறிவித்தும், தாம்பூலத்தின் "மங்கலம்" நம் மேடைகளில் குறையவில்லை.

உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு வாய்நோய் உண்டென்று அதே உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் கணக்குச் சொன்னது. அவர்களில் நால்வரில் மூவர் நடுத்தர வருவாய் நாடுகளில் வாழ்பவர்களாம். 350 கோடிப் பேரும் சோம்பேறிகளா? 350 கோடித் தலைகளிலும் ஒரே எழுத்தா?

துலக்க வேண்டாமா?

"அப்படியானால் பல் துலக்கவே வேண்டாமா?" என்று குறும்பாகக் கேட்பார்கள். துலக்குங்கள், தோழர்களே! காலையிலும் இரவிலும் துலக்குங்கள். பற்பசையில் சிறிதளவு சேரும் புளோரைடு சொத்தையைத் தடுக்கிறது, அதையும் மறுக்கவில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதே இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு. வேறு நீர் கிடைக்காதபோது ஒன்றரை வரை. அதற்குமேல் எந்தத் தூரிகையும் காவலன் ஆகாது. தூரிகை வாயைத் துலக்கும். ஊர்த் தொட்டியைத் துலக்காது.

ஆகவே செய்யவேண்டியது என்ன? ஊரிலுள்ள ஒவ்வொரு பம்பின் நீரையும் சோதித்து, முடிவைப் பம்பின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். வங்காள தேசத்தில் ஆர்சனிக் நஞ்சு கலந்த குழாய்களுக்குச் சிவப்பும் தூய குழாய்களுக்குப் பச்சையும் பூசினார்கள். எழுத்தறியாத தாயும் அறிந்துகொண்டாள். நல்ல நீர் குறைவாக இருக்குமானால், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும் அங்கன்வாடிக்கும் அது முதலில் சேரட்டும். எனாமல் படியும் ஆண்டுகள் திரும்பி வாரா. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2: கிராமசபை கூடும் நாட்கள். கொடியேற்றி மிட்டாய் வாங்கித் திரும்பாமல், "எங்கள் பம்பில் புளோரைடு எவ்வளவு?" என்று எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை உட்காராதீர்கள். பெண் பார்க்கப் போகிற தோழரே, கறைப்பல்லைக் கண்டு முகம் சுளிக்கும் வீட்டாரைத் திருத்துவது உமது பணி. திரைப்படத்தில் பல்லைக் காட்டிச் சிரிப்பு மூட்டும்போது கைதட்டாமல் இருப்பதும் சீர்திருத்தமே.

நாமும் ஒன்று செய்தோம். அறிவியல் ஆசிரியரை வேண்டி, சோதனைக் கருவிப்பெட்டி ஒன்றைப் பள்ளிக்கு வரவழைத்தோம். அதிலுள்ள கரைசல் இளஞ்சிவப்பு. புளோரைடு மிகுந்த நீர் சேர்ந்தால் மஞ்சளாக மாறும். பிள்ளைகளே தம் வீட்டுத் தண்ணீரைப் புட்டியில் கொண்டுவந்தார்கள். ஒரு குழாயில் மழைநீரை ஊற்றினோம், நிறம் மாறவில்லை. அடுத்ததில், தெருமுனைப் பம்பின் நீர். பிள்ளைகளின் கண்ணெதிரே சிவப்பு வெளிறிற்று, மஞ்சள் ஏறிற்று.

வகுப்பு ஊமையானது. துப்பட்டாவால் வாய் மறைத்த அந்தச் சிறுமிதான் முதலில் பேசினாள்:

"அப்ப, தப்பு எங்க பல்லு மேல இல்ல சார். தண்ணி மேல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கை உயரவில்லை. கறைப்பல் தெரியவே சிரித்தாள்.

அவள் பல்லின் கறையை இனி எவராலும் முழுதாய் மாற்ற இயலாமற்போகலாம். அவள் தம்பி இப்போது கைக்குழந்தை. அவன் பல் இன்னும் தாடைக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கிறது. அது எந்த நிறத்தில் வெளிவரும் என்பதை எந்தப் பிரமனும் எழுதப்போவதில்லை. ஊராட்சித் தொட்டி எழுதும். அந்தத் தொட்டியைக் கேள்வி கேட்கும் இளைஞர் எழுதுவர்.

எழுத வாருங்கள், தோழர்களே!